வக்கீல் யாருடைய ஆள்? – வழக்குச் செலவு இன்சூரன்ஸின் கதை

இன்றைய வரலாற்றுப் பதிவு சற்று நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஜெர்மனியில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் போனவரை ஒரு கார் இடித்துவிடுகிறது. கார்க்காரரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது. அவர் யாரையாவது இடித்தால் நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும். சைக்கிள்காரரிடமும் ஒரு பாலிசி இருக்கிறது. அது வேறு வகை. அவர் வழக்குப் போட நேர்ந்தால் வக்கீல் ஃபீஸையும் கோர்ட் செலவையும் கம்பெனி கட்டும். சரி, இந்த இரண்டு பாலிசியும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால்?

சைக்கிள்காரர் ஜெயித்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியது அந்தக் கம்பெனி. அவர் ஜெயிப்பதற்கு வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டியதும் அதே கம்பெனி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வோமே, அதுதான் இது. நல்ல வக்கீலாகப் பார்த்துக் கொடுப்பார்களா? "கோர்ட்டுக்கெல்லாம் எதற்குங்க, கொடுப்பதை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள்" என்று சொல்வார்களா?

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் ஐரோப்பிய அரசுகள் பல பத்தாண்டுகளாகச் சட்டம் போட்டும் மாற்றியும் வந்திருக்கின்றன. அந்தக் கதைதான் இன்று.

அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுத்தால் குற்றம்

தீ பிடித்தால் இன்சூரன்ஸ், கப்பல் மூழ்கினால் இன்சூரன்ஸ் என்பதெல்லாம் பழையது. வழக்கு வந்தால் இன்சூரன்ஸ் என்பது மட்டும் ஏன் இருபதாம் நூற்றாண்டு வரை வரவில்லை? இதற்கு இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ஒரு விடை இருக்கிறது. தனக்குச் சம்பந்தமில்லாத வழக்குக்குப் பணம் கொடுத்து உதவுவதே அங்கே குற்றம்.

அன்று அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. பெரிய பிரபுக்களும் அரசனின் அதிகாரிகளும் ஏழையின் நில வழக்கில் பணத்தைப் போட்டு, தங்கள் செல்வாக்கால் ஜெயித்து, நிலத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். அதனால் 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டமே, அரச அதிகாரிகள் இப்படிப் பங்கு பேசி வழக்கில் நுழையக் கூடாது என்று தடுத்தது. அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்ற நிலை இங்கிலாந்தில் முடிவுக்கு வந்தது 1967இல்தான். ஏறக்குறைய 700 ஆண்டுகள்!

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தச் சட்டம் இந்தியாவுக்கும் பொருந்துமா என்ற கேள்வி வந்தது. 1876இல் லண்டன் பிரிவி கவுன்சில், வங்காளத்திலிருந்து போன ஒரு வழக்கில், பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. உரிமை இருந்தும் பணம் இல்லாதவருக்கு, நியாயமான ஒப்பந்தத்தின் பேரில் இன்னொருவர் வழக்குச் செலவுக்கு உதவினால் அது தவறில்லை. சூதாட்டம் போலவும் கொள்ளை லாபத்துக்காகவும் செய்தால் மட்டுமே கோர்ட் அதை ஏற்காது. இந்த விஷயத்தில் இங்கிலாந்தை விட இந்தியா முந்திக்கொண்டது.

ஆக, வழக்குக்குப் பணம் போடுகிறவரைச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே சந்தேகத்தோடுதான் பார்த்தது. பணம் கொடுப்பவர் கையில் வழக்கும் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வேறு உடையில் அது திரும்பி வரும்.

கார் பந்தய ஊரில் பிறந்த யோசனை

பிரான்சில் லெ மான் என்று ஒரு ஊர். 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கு உலகப் புகழ் பெற்றது. 1923இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் டுரான். அதற்கு முன்பே, 1917இல், அவர் அதே ஊரில் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். கார் ஓட்டுகிறவர்களுக்கு விபத்தால் வழக்கு வந்தால் அதன் செலவைப் பார்த்துக்கொள்வதுதான் கம்பெனியின் வேலை. டி.ஏ.எஸ். என்று பெயர். வழக்குச் செலவுக்கென்றே தனியாக இன்சூரன்ஸ் என்ற தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

கார் ஏன் காரணமானது? நில வழக்கு எல்லார் வீட்டிலும் வராது. கார் வந்த பிறகு, எந்தத் தவறும் செய்யாமல் தெருவில் நடந்து போகிறவருக்கும் வழக்கு வரலாம் என்றாகிவிட்டது. எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியாது. ஆனால் ஆயிரம் பேரில் சிலருக்கு நிச்சயம் வரும். இன்சூரன்ஸ் தொழிலுக்கு இதுதான் பொருத்தமான நிலைமை.

1928இல் இதே பெயரில் பெர்லினில் ஒரு கம்பெனி வந்தது. 1935இல் டுசெல்டார்ஃப் நகரில் ஹைன்ரிக் ஃபாஸ்பெண்டர் என்ற வக்கீல் அராக் கம்பெனியைத் தொடங்கினார். பணக்காரர் மட்டுமல்ல, எல்லாரும் தங்கள் உரிமையைக் கேட்டுப் பெற முடிய வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்று அந்தக் கம்பெனி இன்றும் சொல்லிக்கொள்கிறது.

ஆண்டைக் கவனித்தீர்களா? 1935. ஹிட்லர் ஆட்சியில் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தன. டிசம்பரில் இன்னொரு சட்டமும் வந்தது. அனுமதி பெறாத எவரும் அடுத்தவருக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது என்றது அது. வக்கீல் தொழிலிலிருந்து ஏற்கெனவே விரட்டப்பட்ட யூத வக்கீல்கள், ஆலோசகராக இருந்துகூடப் பிழைக்க முடியாமல் செய்வது அதன் ஒரு நோக்கம். உரிமையைக் கேட்க எல்லாருக்கும் பணம் கிடைக்கட்டும் என்று ஒரு பக்கம் கம்பெனி தொடங்கப்படுகிறது. ஒரு சாராருக்குக் கேட்பதற்கு உரிமையே இல்லாமல் போகிறது. வக்கீல் ஃபீஸ் கட்ட ஆள் இருந்தால் மட்டும் நீதி கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

அந்த டிசம்பர் சட்டம் போருக்குப் பிறகும், இனவெறிப் பகுதிகள் நீங்கி, நெடுநாள் நீடித்தது. அதனால் ஜெர்மனியில் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டலாம். வழக்கைத் தானே நடத்தக் கூடாது. வழக்கை நடத்துவது வெளியில் இருக்கும் சுதந்திரமான வக்கீல். 2008இல் அந்தச் சட்டத்தை நீக்கிப் புதிய சட்டம் கொண்டுவந்தபோதும், வேறொரு கடமையால் வளைந்துவிடக்கூடிய நிலையில் இருப்பவர் சட்டப் பணி செய்யக் கூடாது என்ற கொள்கையை விடவில்லை.

ஜெர்மனியில் ஏன் வேரூன்றியது?

இதற்கு மூன்று காரணம் சொல்லலாம்.

முதலாவது, அங்கே வக்கீல் ஃபீஸுக்கு அட்டவணை உண்டு. 1879இலேயே சட்டமாக வந்தது. வழக்கின் மதிப்பு இவ்வளவு என்றால் ஃபீஸ் இவ்வளவு என்று போட்டிருக்கும். செலவு முன்கூட்டியே தெரிவதால் பிரீமியம் கணக்குப் போடுவது சுலபம்.

இரண்டாவது, தோற்றவர் இரண்டு பக்கச் செலவையும் கொடுக்க வேண்டும். தன் வக்கீலுக்கும் எதிராளி வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும். தோற்றால் வீட்டை விற்க வேண்டி வருமோ என்ற பயம் நடுத்தரக் குடும்பத்துக்கு இயல்பு.

மூன்றாவது, "ஜெயித்தால் ஃபீஸ் கொடு, தோற்றால் வேண்டாம்" என்று வக்கீல் பேசிக்கொள்வதை அங்கே தடை செய்திருந்தார்கள். அரசியல் சாசன நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, 2008இலிருந்துதான் அதுவும் சில நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். அமெரிக்காவில் ஏழைக்கு இருந்த அந்த வழி ஜெர்மனியில் அடைபட்டிருந்தது. அந்த இடத்தை இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டது.

வாடகை வீட்டுத் தகராறு, வேலை நீக்கம், விபத்து என்று சாதாரணக் குடும்பங்கள் இந்தப் பாலிசியை எடுத்தன. பாலிசி எடுத்த கையோடு வழக்குப் போட முடியாது. பல வகை வழக்குகளுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வீடு கட்டும் தகராறுகளுக்குப் பொதுவாகப் பணம் இல்லை. விவாகரத்து, சொத்துப் பாகம் என்றால் பெரும்பாலும் ஒரு ஆலோசனைக்கு மட்டும் பணம். தீப்பிடித்த வீட்டுக்கு யாரும் தீ இன்சூரன்ஸ் கொடுப்பதில்லை அல்லவா, அந்தக் கணக்குத்தான்.

அரசு கட்டிய சுவர்

இப்போது நம் சைக்கிள்காரரிடம் திரும்புவோம்.

ஜெர்மனியில் இன்சூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்வை பார்க்க 1901இலேயே சட்டம் வந்து, பெர்லினில் அலுவலகமும் அமைந்தது. அந்த மேற்பார்வை வழிவழியாக ஒரு நடைமுறையை வளர்த்தது. சில வகை இன்சூரன்ஸை நடத்தும் கம்பெனி வேறு எதையும் நடத்தக் கூடாது. ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் தனித்தனி. ஏனென்றால் அவை பல ஆண்டுப் பொறுப்புகள், மற்ற தொழிலின் நஷ்டம் அந்தப் பணத்தைத் தின்றுவிடக் கூடாது. கடன் காப்பீடும் தனி. பொருளாதாரம் சரிந்தால் அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். வழக்குச் செலவு காப்பீடும் தனி. இதற்கு மட்டும் காரணம் பணமல்ல, நேர்மை. கார்க்காரரின் கம்பெனியும் சைக்கிள்காரரின் கம்பெனியும் ஒன்றாக இருக்கவே கூடாது என்று சுவர் எழுப்பிவிட்டார்கள்.

இதோடு, பாலிசியின் நிபந்தனைகளையும் அரசு அலுவலகம் முன்கூட்டியே படித்து ஒப்புதல் தர வேண்டும். அதனால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் நிபந்தனை ஏறக்குறைய ஒன்றுதான். இந்த முன் ஒப்புதல் 1994 வரை இருந்தது. அதன் பிறகு கம்பெனிக்குக் கம்பெனி நிபந்தனை வேறுபட்டது. பொடி எழுத்தை உட்கார்ந்து படிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து வாங்குகிறவர் தலைக்கு வந்தது.

பக்கத்து நாடுகளில் இந்தச் சுவர் இல்லை. ஒரே கம்பெனி கார் இன்சூரன்ஸும் விற்கும், வழக்குச் செலவு இன்சூரன்ஸும் விற்கும். ஐரோப்பா ஒரே சந்தையாகத் தொடங்கியதும் இரண்டு முறையும் மோதிக்கொண்டன.

சுவருக்குப் பதில் உரிமை

1973இல் வந்த ஐரோப்பியப் பொது விதி, ஜெர்மனி தன் சுவரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. 14 ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1987 ஜூன் 22 அன்று வழக்குச் செலவு காப்பீட்டுக்கென்றே ஒரு தனி விதி வந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் 1990க்குள் இதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அந்த விதியின் முன்னுரை ஜெர்மனியின் முறையைக் குறை சொல்லவில்லை. அந்தச் சுவர் பெரும்பாலான சிக்கல்களைத் தடுக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் எல்லா நாட்டுக்கும் அதை நீட்டினால் பெரிய கம்பெனிகளை உடைக்க வேண்டி வரும், அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்கிறது. அதற்குப் பதிலாக மூன்று வழிகளைக் காட்டி, நாடுகள் இவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம் என்றது.

ஒன்று, வழக்குச் செலவுப் பிரிவைக் கவனிக்கும் ஊழியர் அதே நேரத்தில் இன்னொரு பிரிவில் அதே மாதிரி வேலை பார்க்கக் கூடாது. இரண்டு, அந்த வேலையைச் சட்டப்படி தனியான ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று, கோரிக்கை எழுந்த நேரத்திலிருந்தே பாலிசிதாரர் தனக்குப் பிடித்த வக்கீலிடம் வழக்கைக் கொடுத்துவிடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், எல்லாருக்கும் பொதுவான சில காப்புகளும் உண்டு. வழக்குச் செலவு காப்பீட்டைத் தனிப் பாலிசியாகவோ, பாலிசிக்குள் தனிப் பகுதியாகவோ எழுத வேண்டும். வழக்கோ விசாரணையோ நடந்தால் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாலிசிதாரருடையது. கம்பெனியின் நலனும் அவர் நலனும் மோதும்போதும் அப்படியே. வழக்கை நடத்தலாமா வேண்டாமா என்று கம்பெனியோடு கருத்து வேறுபட்டால், நடுநிலையான ஒருவரிடம் போக வழி இருக்க வேண்டும். அந்த வழி இருப்பதைக் கம்பெனியே அவருக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி அம்சம் முக்கியம். "உங்கள் வழக்கு ஜெயிக்காது, பணம் தர மாட்டோம்" என்று கம்பெனி சொல்வதுதான் நடைமுறையில் அடிக்கடி வரும் தகராறு. ஜெர்மனியின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு இதற்கு ஒரு நல்ல கடிவாளம் போட்டிருக்கிறது. பாலிசியில் நடுநிலை வழி இல்லாவிட்டாலோ, மறுக்கும்போது அந்த வழியைக் கம்பெனி சுட்டிக்காட்டாவிட்டாலோ, அந்த வழக்குக்குப் பணம் கேட்பது நியாயம்தான் என்று கம்பெனி ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சொல்லாமல் மறைத்தால் தண்டனை கம்பெனிக்கு. படிக்காத மனிதரையும் காக்கும் சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

உரிமைக்கு வந்த சோதனைகள்

காகிதத்தில் உரிமை எழுதியாயிற்று. கம்பெனிகள் சும்மா இருக்குமா? வழக்குகள் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயின.

ஆஸ்திரியாவில் ஒரு முதலீட்டு நிறுவனம் திவாலாகி, ஏராளமானோர் பணத்தை இழந்தார்கள். ஒரு முதலீட்டாளர் தன் வக்கீலோடு போனபோது கம்பெனி நிபந்தனையைக் காட்டியது. ஒரே எதிராளி மீது பலருக்கு ஒரே மாதிரி வழக்கு இருந்தால், வக்கீலைக் கம்பெனிதான் தேர்ந்தெடுக்கும் என்று அதில் இருந்தது. 2009 செப்டம்பர் 10 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலராக இருப்பதால் ஒருவருடைய உரிமை குறையாது.

நெதர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே கம்பெனிகள் சட்டம் படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்து, வழக்குகளைத் தாங்களே நடத்தின. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் முன்னாள் முதலாளி மீது வழக்குப் போட, தனக்குத் தெரிந்த வக்கீல்தான் வேண்டும் என்றார். கம்பெனியோ, இந்த வகை வழக்குக்கு வக்கீல் கட்டாயமில்லை, எங்கள் ஊழியரே வாதாடுவார், வெளி வக்கீலுக்குப் பணம் கிடையாது என்றது. நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் இதை லக்சம்பர்க்குக்கு அனுப்பியது. 2013 நவம்பர் 7 அன்று வந்த விடை: வக்கீல் கட்டாயமா இல்லையா என்பது கேள்வியே அல்ல, தேர்வு பாலிசிதாரருடையது.

2016இல் இன்னும் ஒரு படி. வேலை நீக்கத்துக்கு முதலாளி அரசு அமைப்பிடம் அனுமதி கேட்கும் நடைமுறை நெதர்லாந்தில் உண்டு. அங்கேயும் இந்த உரிமை செல்லும் என்றது நீதிமன்றம். 2020இல் பெல்ஜியம் வழக்கொன்றில், சமரசப் பேச்சுக்கும் செல்லும் என்றது.

நாணயத்தின் மறுபக்கம்

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது. எல்லாரும் விலை உயர்ந்த வக்கீலைத் தேர்ந்தால் பிரீமியம் ஏறும். ஏறினால் ஏழை பாலிசியே எடுக்க மாட்டார். நீதிமன்றம் இதை மறுக்கவில்லை. எவ்வளவு வரை கட்டுவோம் என்று கம்பெனி வரம்பு போடலாம், ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை வெறும் பெயருக்கு என்று ஆகிவிடக் கூடாது என்பதுதான் 2011இலும் 2013இலும் அது போட்ட கோடு.

அந்தக் கோட்டின் மேல் இன்றும் இழுபறிதான். ஜெர்மனியில் ஒரு கம்பெனி, தான் சிபாரிசு செய்யும் வக்கீலிடம் போனால் பாலிசிதாரர் கையிலிருந்து போட வேண்டிய பங்கு ஏறாது என்று சலுகை வைத்தது. 2013 டிசம்பர் 4 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. கடைசி முடிவு பாலிசிதாரர் கையில் இருக்க வேண்டும், அளவுக்கு மீறிய அழுத்தம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சலுகை எங்கே முடிகிறது, அழுத்தம் எங்கே தொடங்குகிறது? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சுவீடனில் இதைவிடப் பெரிய கேள்வி எழுந்தது. அங்கே வீட்டு இன்சூரன்ஸோடு வழக்குச் செலவும் சேர்ந்தே வரும். கிட்டத்தட்ட எல்லார் வீட்டிலும் பாலிசி இருக்கிறதே என்று, 1997 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அரசு பின்னால் நகர்ந்துகொண்டது. முதலில் இன்சூரன்ஸ், அது இல்லாவிட்டால்தான் அரசின் சட்ட உதவி. வசதி இருந்தும் பாலிசி எடுக்காமல் விட்டவருக்குச் சிறப்புக் காரணம் இருந்தாலொழிய உதவி இல்லை. ஜெர்மனியில் கம்பெனியைக் கண்காணித்த அரசு என்றால், சுவீடனில் தன் சுமையைக் கம்பெனி தோளில் மாற்றிய அரசு. சந்தா கட்டியவருக்கு நீதி என்று ஆகிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

எஞ்சும் பாடம்

1275இல் பிரபுவைப் பார்த்துப் பயந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் பிரபு இருந்த இடத்தில் கம்பெனி உட்கார்ந்திருந்தது. பயம் ஒன்றுதான்: பணம் கட்டுகிறவர் வழக்கையும் கைப்பற்றிவிடுவார். இங்கிலாந்து பணம் கொடுப்பதையே தடுத்துப் பார்த்தது. அதில் ஏழையின் கதவும் சேர்ந்து அடைபட்டது. ஜெர்மனி கம்பெனிகளுக்கு நடுவே சுவர் எழுப்பியது. ஐரோப்பா சுவரை எடுத்துவிட்டு, வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாலிசிதாரர் கையில் கொடுத்தது.

சுவருக்கு ஒரு நன்மை உண்டு. யாரும் எதுவும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, அது தானாக நின்று காக்கும். உரிமை அப்படியல்ல. அது இருப்பது தெரிந்து, "என் வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய் திறந்து கேட்டால்தான் பயன். ஆஸ்திரிய முதலீட்டாளரும் நெதர்லாந்துத் தொழிலாளியும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதால் கோடிக்கணக்கான பாலிசிதாரர்களுக்கு வழி திறந்தது.

வழக்குச் செலவைக் கட்டுவதாகச் சொல்லும் எந்தப் பாலிசி உங்கள் வீட்டுக்கு வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வக்கீலைத் தேர்ந்தெடுப்பது யார்? வழக்கு ஜெயிக்காது என்று முடிவு செய்வது யார், அதை எதிர்த்து எங்கே போகலாம்? எதிர்ப்பக்கமும் இதே கம்பெனி இருந்தால் என்ன செய்வீர்கள்?

நம் குழுவில் வக்கீல் நண்பர்களும் இன்சூரன்ஸ் துறையில் இருந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், எல்லாருக்கும் பயன்படும்.